கிருமியே இல்லாத தோட்டம்

என் உத்தியோகம் என்னவென்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில லெப்" என்று சொல்லிவிட்டு உடனே பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். லெப் என்றால் இரத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைக்க விட்டுவிடுவேன். இரத்தம் பார்க்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. அவனைக் கண்டால் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள், மூன்றாமவர் தன் சீனி வருத்தத்தைச் சொல்லத் தொடங்குவார். ஆனால் நான் பார்ப்பது இரத்தம் இல்லை. மலம். பன்னிரண்டு வருடமாகக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறத்தியார் மலத்தைக் கம்பியால் தொட்டுத் தொட்டுத் தட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

வேலையைக் கேவலமாக நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். மனித வயிறு என்பது திருவிழாக் கூட்டம். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன, முக்கால்வாசியும் நல்லதுகள், தன் பாட்டுக்கு இருக்கிறதுகள். அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிற ஒரு முடிச்சுமாறியைப் பிடிப்பதுதான் என் தொழில். சாப்பாட்டிலோ தண்ணீரிலோ கலந்து வந்து, வயிற்றைக் கலக்கி, காய்ச்சலும் கொடுக்கிறானே, அவனை. அவனைப் பிடிக்க எங்களிடம் சிவப்பு நிறத்தில் ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டில் அவன் வளர்ந்தால் நடுவில் கறுப்பு வைத்துக்கொண்டு, மை போட்ட கண் மாதிரி நம்மைப் பார்ப்பான். பெயர் சல்மொனெல்லா. பெயரைக் கேட்டால் பணக்கார வீட்டு நாய்க்குட்டி என்று தோன்றும். செய்கிற வேலையோ படுமோசம்.

நான் பிறந்து வளர்ந்தது றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது ஹட்டன் டவுனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஆனாலும் தோட்டத்தில் எனக்குப் பெயர் பெரிது. அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்க என்னை 'ரத்த டாக்டர்' என்று பரப்பி வைத்திருந்தார். பொங்கலுக்குப் போனால் மூன்று பேராவது கையை நீட்டி, "தம்பி, ரத்தம் கம்மியா இருக்கான்னு பாருப்பா" என்பார்கள். நானும் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, கீரை சாப்பிடச் சொல்லுவேன். பன்னிரண்டு வருடம் அந்தப் பொய் ஒரு கீறலும் இல்லாமல் ஓடியது.

போன மழைக்காலத்தில்தான் எல்லாம் உடைந்தது.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் பல் முளைக்கிறது என்றார்கள். பிறகு கண்ணேறு என்றார்கள். நாலு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பல் முளைக்காது என்று தோட்டத்து டாக்டர் ஐயா முடிவு செய்து, எல்லோரையும் வேனில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு பெண் பிள்ளைக்கு, ஒரு வயதுகூட ஆகாதது, மூன்று நாள் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. அதன் தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் பார்த்தேன். பேசப் போனால் அழுதுவிடுவாளோ என்று பயந்து பேசவில்லை.

வார்டில் தாதி எடுத்து அனுப்பிய பிள்ளைகளின் மாதிரிகள் என் மேசைக்கு வந்தன. சிவப்புத் தட்டில் மை போட்ட கண்கள் வரிசையாக என்னைப் பார்த்தன. எல்லாப் பிள்ளைக்கும் அதே ஆள். ஆக, ஒரே பானையிலிருந்தோ ஒரே கையிலிருந்தோ வந்திருக்க வேண்டும்.

பி.எச்.ஐ. மாத்தயா தோட்டத்துக்குப் போனார். எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர் அவர், மாத்தயா என்றால் ஐயா. சிங்களவர், நல்ல மனிதர், மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டோடு பிறந்தவர் மாதிரி இருப்பார். பிள்ளைக்காம்பராவை மூடச் சொன்னார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார். கஞ்சிப் பானையையோ பால் போத்தலையோ தொட்ட பதினொரு பேரிடமும் ஆளுக்கொரு சிவப்பு மூடி டப்பா கொடுத்தார். மறுநாள் காலையில் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நிற்கிற இடத்தில், தன் உடைந்த தமிழில் தைரியம் சொன்னார்: "பயம் வேணாம். உங்க தோட்டம் தம்பிதான் அங்க இருக்கு. அவர்தான் பார்க்கிறது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவி மனிதர். 'ரத்த டாக்டர்' அந்தக் காலை ஆறரை மணிக்கு, மழையில், நூற்றுக்கணக்கான பேர் முன்னால் செத்துப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பதினொரு டப்பாவும் வந்து சேர்ந்தன. அப்படியொரு ஊர்வலத்தை எங்கள் லெப் அதற்கு முன் கண்டதில்லை. வழக்கமாக இந்தச் சாமான் பழைய ஷொப்பிங் பையில், யாரோ கடத்திக்கொண்டு வந்த மாதிரி வரும். இவை புது பிஸ்கட் டின்னுக்குள் வெள்ளைத் துணி விரித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு டப்பாவும் வெளியே பளபளவென்று துடைத்திருந்தது. ஒன்றில் மஞ்சள் தடவியிருந்தது. இன்னொன்றின் மூடியில் குங்குமப் பொட்டு. ஒரு டப்பாவில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மரியாதைக்குரிய தம்பிக்கு' என்று எழுதியிருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்களோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

எங்கள் லெப் பொறுப்பாளர் ஒரு சிங்கள மிஸ். கண்டிப்பானவர். என்னை 'மல்லி' என்பார், தம்பி என்று அர்த்தம். திட்டும்போது அதே மல்லியை இழுத்துச் சொல்லுவார். அவர் பிஸ்கட் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "மல்லி, இதுல சாம்பிராணி மட்டும்தான் குறை" என்றார் சிங்களத்தில்.

வழக்கம்போல வேலையைச் செய்தேன். முதலில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் செலனைட் என்கிற சூப்பில் விட்டேன். மற்றக் கிருமிகளை அடக்கி வைத்துவிட்டு நாம் தேடுகிறவனை மட்டும் தட்டிக்கொடுத்து வளர்க்கிற சூப்பு அது. அதே நேரத்தில் ரோஸ் நிறத் தட்டிலும் சிவப்புத் தட்டிலும் நேராக இழுத்தேன். எல்லாவற்றையும் உடம்புச் சூடு உள்ள பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ரோஸ் தட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனிதனாகப் பிறந்த யாருடைய மலத்தை அதில் இழுத்தாலும் மறுநாள் ரோஸ் புள்ளிகள் மொய்த்துக்கொண்டு நிற்கும். அமைச்சராக இருந்தாலும் மொய்க்கும். சாமியாராக இருந்தாலும் மொய்க்கும்.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். பதினொரு ரோஸ் தட்டும் காலி. கழுவிக் கவிழ்த்த மாதிரி காலி. சிவப்புத் தட்டும் காலி. சூப்பிலிருந்து இழுத்துப் பார்த்தால் அதுவும் அடுத்த நாள் காலி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஸ் வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மல்லீ" என்று இழுத்தார். "தட்டை ஒழுங்கா ஊத்தினாயா? சூடு கூடிப் போச்சா? கம்பி ஆறுறதுக்கு முதல் தொட்டாயா?" பன்னிரண்டு வருட அனுபவசாலியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது. சோதனைக்கென்று நாங்கள் வளர்த்து வைத்திருக்கிற நிச்சயமான கிருமியை அதே தட்டில் இழுத்து வைத்தேன். மறுநாள் அது ஜம்மென்று வளர்ந்திருந்தது. தட்டில் பிழையில்லை. என்னிலும் பிழையில்லை.

"அப்போ உங்க தோட்டத்து ஆட்கள் தேவர்களா?" என்றார் மிஸ். "வயித்துல ஒரு கிருமிகூட இல்லையே."

பதினொரு பேரும் மருந்து குடித்திருப்பார்களோ என்று யோசித்தேன். பதினொரு பேரும் ஒரே நாளில் ஒரே மருந்தை எதற்குக் குடிக்கப் போகிறார்கள்? பிஸ்கட் டின்னை மறுபடி எடுத்து, ஒரு டப்பாவைத் திறந்து, இந்தத் தொழிலில் யாரும் விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்தேன். மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை. அதற்குப் பதிலாக, இப்போதுதான் துடைத்துக் காய்கிற சிமெந்துத் தரையின் வாசம் அடித்தது. உள்ளே ஓரத்தில் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நின்றது. அடுத்த டப்பாவும் அப்படித்தான். பதினொன்றும் அப்படித்தான். அது எங்கள் பிள்ளைக்காம்பராவில் தரை துடைக்கிற மருந்துத்தண்ணி!

ஞாயிற்றுக்கிழமை கோச்சியேறிப் போனேன். ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும்போது எதிரே வந்தவர்கள் எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். ஆனால் ஒருவரும் கை கொடுக்கவில்லை.

பிள்ளைக்காம்பரா மூடியிருந்தாலும் ஆயாம்மா உள்ளேதான் இருந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து, யாரும் படுக்காத தொட்டில் சேலைகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பிறந்தபோதும் அவர்தான் அங்கே ஆயா. தோட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட எவனும் எவளும் அவர் கையில் கஞ்சி குடிக்காமல் வளர்ந்ததில்லை.

"டப்பாவுக்குள்ள மருந்து ஊத்துனது யாரு?" என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"நான்தான்" என்றார், பெருமையாக. "எல்லாரையும் இங்க வரச் சொல்லி, நானே ஆளுக்கு ரெண்டு மூடி ஊத்திக் குடுத்தேன். பத்தலையா தம்பி?"

"என்னாத்துக்கு ஊத்துனீங்க?"

"இது என்னா கேள்வி? ஒன் கையில படப் போறதாச்சே! நம்ம வீட்டுப் புள்ள. படிச்சு, கோட்டு மாட்டிக்கிட்டு, மேசையில ஒக்காந்து வேல பாக்குது. அது மூஞ்சிக்கு நேரா போயி நாத்தத்தை நீட்டுறதா? ஒங்கம்மா கேட்டா என்னா சொல்லுவா? அதான் சுத்தம் பண்ணிக் குடுத்தோம். வேற யாராச்சும் பாக்குறவனா இருந்தா அப்படியே குடுத்திருப்போம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பன்னிரண்டு வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை செய்ததில்லை. அந்த மரியாதை என் சோதனையைக் கொன்றே போட்டுவிட்டது. "ஆயாம்மா, கிருமியைத் தேடுறதுக்குத்தான் அதைக் கேட்டது. நீங்க கிருமியைக் கொன்னுட்டு டப்பாவை அனுப்பியிருக்கீங்க" என்று விளக்கினேன்.

அவர் முகம் பூரித்துவிட்டது. "அப்ப கிருமி இல்லைன்னு தெரிஞ்சிருச்சுல்ல? அப்படியே எழுதிக் குடுத்துரு ராசா. திங்கக்கெழம தொறந்துருவாங்க. புள்ளைக அங்கன இங்கன கெடந்து சீரழியுது. ஒருத்தி மலையில சாக்கை விரிச்சுப் புள்ளையைப் போட்டுட்டு வேல செய்யிறா. நான் இங்க சும்மா கெடந்து என்னாத்தைக் கிழிக்கிறேன்? இது இல்லாட்டி எனக்கு என்னா இருக்கு சொல்லு."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை.' வளரவில்லைதானே? அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டால் ஆயாம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அடுத்த கஞ்சியை எந்தக் கை கிண்டும் என்று நினைத்தபோதுதான் சேலைன் ஏறிய அந்தப் பிள்ளையின் குச்சிக் கை கண்ணுக்குள் வந்தது. எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. அதை அவர் மீது காட்டினேன்.

"முடியாது. எல்லாரும் திரும்பக் குடுக்கணும். மருந்து, மஞ்சள், குங்குமம் ஒன்னும் வேணாம். நாத்தத்தோட வேணும்."

"முடியாது" என்றார் அவரும். "அஞ்சு வருசம் ஒன்னோடத நான் கழுவியிருக்கேன். என்னோடத நீ பாக்கிறதா? அடுக்குமா அது?"

"ஆமா. இப்ப என் மொற."

அவர் தொட்டில் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: டப்பாவில் பெயர் இருக்கக் கூடாது. எது யாருடையது என்று எனக்குத் தெரியவே கூடாது. நான் பி.எச்.ஐ. மாத்தயாவுக்கு அங்கேயே போன் போட்டேன். அவர் வந்து ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் ஒட்டிய டப்பாக்களைக் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தன் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வதென்று பேச்சாயிற்று. நான் லயம் லயமாகப் போய், மருந்து ஊற்றக் கூடாது என்று பதினொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னேன். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "சுடுதண்ணியாச்சும் ஊத்தலாமா தம்பி?" என்று கேட்டார்கள்.

இந்த முறை டப்பாக்கள் பழைய ஷொப்பிங் பையில் வந்தன. திறந்தால் அடித்த நாற்றத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் பதினொரு ரோஸ் தட்டிலும் திருவிழாக் கூட்டம். "இப்போதான் மனுஷர்" என்றார் மிஸ்.

அதற்கு அடுத்த நாள், சூப்பிலிருந்து இழுத்த சிவப்புத் தட்டுகளைப் பார்த்தேன். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஒன்றுமில்லை. மூன்று, ஒன்றுமில்லை. நான்காவது தட்டில் கறுப்புக் கண்கள். மற்ற ஏழிலும் ஒன்றுமில்லை.

கண்ணை மட்டும் நம்பி யாரையும் குற்றவாளியாக்க முடியாது. அதே கறுப்பு வைத்துக்கொண்டு அப்பாவிகளும் சிலர் திரிகிறார்கள். ஆகவே ஒரு புள்ளியை எடுத்துச் உள்ளே ஜெல்லி சாய்வாக உறைந்த குழாயில் குத்தி வைத்தேன், சர்க்கரையை என்ன செய்கிறான், வாயு விடுகிறானா என்று பார்க்க. மறுநாள், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்து, அவனுக்கென்று செய்த மருந்தோடு கலந்து ஆட்டினேன். திரிந்த பால் மாதிரி உடனே திரிதிரியாக வந்தது. சந்தேகமே இல்லை. பிள்ளைகளின் வயிற்றில் இருந்த அதே ஆள். மிஸ் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பி.எச்.ஐ. மாத்தயாவுக்குப் போன் எடுத்து, "நாலு" என்றேன். காகிதம் விரிக்கிற சத்தம் கேட்டது. மழையில் எங்கேயோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார் போல. "அனே மல்லி" என்றார் கடைசியில். ஐயோ தம்பி என்று அர்த்தம். அதற்குமேல் பெயரை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆயாம்மா என் முகத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத்தானா?"

"ஆமா ஆயாம்மா."

"எனக்கு ஒரு காய்ச்ச மண்டையிடிகூட இல்லையேப்பா. வயிறு கல்லு மாதிரி இருக்கே."

"சிலருக்கு அப்படித்தான். உள்ளுக்குள்ள சத்தம் போடாமக் குடியிருக்கும். இருக்கிற எடத்துக்கு ஒரு தொந்தரவும் குடுக்காது. கை வழியா வெளிய போயி அடுத்த ஆளைத்தான் புடிக்கும். நீங்க வேணும்னு செஞ்சதில்ல. மருந்து குடிச்சா போயிரும். போனதுக்கப்புறம் மூணு தடவ சோதிச்சு, மூணும் சுத்தமா இருந்தா வேலைக்கு விட்டுருவாங்க."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சின்னதுக்கு நான்தான் ஊட்டுனேன். கஞ்சி சூடா இருக்குன்னு வெரலை வச்சுப் பார்த்துப் பார்த்து ஊட்டுனேன்" என்றார். "அது தாய் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அந்தக் கணத்தில் என் சிவப்புத் தட்டையும் சூப்பையும் தூக்கி மகாவலி ஆற்றில் எறிய வேண்டும் போல இருந்தது.

டாக்டர் மருந்து எழுதினார். ஆயாம்மா ஒரு வேளை தவறாமல் குடித்தார். மருந்து முடிந்து, சொன்ன நாள் பொறுத்து, முதல் டப்பாவோடு லெப்புக்கு வந்தார். அவரே வந்தார், பஸ்ஸேறி. எண் வேண்டாம், ஒரு மறைப்பும் வேண்டாம் என்றார். டப்பாவில் தன் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், லயத்து நம்பரையும் பெரிதாக எழுதியிருந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நேராக என் மேசைக்கு வந்து, "இந்தா, நாத்தத்தோட இருக்கு, நல்லாப் பாரு" என்று வைத்தார். இரத்தம் கொடுக்க வந்த ஒரு கனவான் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டாம் முறை வந்தபோது பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாளாம். இவர் மடியில் இருந்த பையைக் காட்டி விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். "ஹட்டன் வரைக்கும் ரெண்டு சீட்டும் எனக்குத்தான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து மறுபடி பார்த்தேன். எனக்கு என்னமோ உடம்பு லேசானது மாதிரி இருந்தது.

ஆனால் தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று அம்மா போனில் சொன்னார். பி.எச்.ஐ. மாத்தயா வாயைத் திறக்கவில்லைதான். ஆனாலும் ஒருவரை மட்டும் வேலைக்கு விடாமல் பிள்ளைக்காம்பராவை மறுபடி திறந்தால், கணக்குப் போட எத்தனை நேரமாகும்? பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஆளுக்கொன்று பேசினார்களாம். இனிமேல் அந்தக் கையில் பிள்ளையைக் கொடுப்போமா என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். சேலைன் ஏறிய பிள்ளையின் தாய் மட்டும் எதுவும் பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். அவள் பேசாததுதான் ஆயாம்மாவுக்குத் தாங்கவில்லை என்றார் அம்மா.

முதல் தட்டு சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது தட்டை நான் திறந்த விதத்தைப் பார்த்து மிஸ், "மல்லி, லொத்தர் டிக்கட்டா அது?" என்று கேட்டார். அதுவும் சுத்தம். ரோஸ் தட்டில் கூட்டம், சிவப்புத் தட்டில் ஒரு கறுப்புக் கண்கூட இல்லை. மூன்றும் சுத்தம் என்ற கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். மிஸ் தன் பெயருக்கு மேல் முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போனேன். அந்தக் கடிதத்தை அம்மாமாரிடம் காட்டி நான்கு வார்த்தை பேசுவது என்று திட்டம். கிருமி என்றால் என்ன, சோதனை என்றால் என்ன, மூன்று முறை என்றால் என்ன அர்த்தம், இப்போது தோட்டத்திலேயே கடிதத்தோடு நிரூபித்த சுத்தமான வயிறு யாருடையது. கோச்சியில் நன்றாகப் பாடமாக்கிக்கொண்டேன்.

ஆயாம்மா பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றார். புது ஏப்ரன். உள்ளே அடுப்பு எரிந்தது. தொட்டில்கள் எல்லாம் கட்டியிருந்தன, எல்லாம் காலி. பெரட்டுக்குப் போகிற பாதை வாசலுக்கு முன்னால்தான் போகிறது. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேகம் குறைக்காமல் போனாள். இன்னொருத்தி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாமவள் நின்று நிதானித்தாள், பிறகு அவளும் போனாள். நான் கடிதத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பாடமாக்கியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

ஆயாம்மா குழாயடிக்குப் போய் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவத் தொடங்கினார். விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கை வரைக்கும். கழுவி முடித்தவர் மறுபடியும் சவர்க்காரத்தை எடுத்தார். நான் "போதும் ஆயாம்மா" என்றேன். அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் அந்தத் தாய் வந்தாள். பிள்ளை முன்னைவிடக் கொஞ்சம் தேறியிருந்தது, தோளில் கிடந்து முழித்து முழித்துப் பார்த்தது. அவள் என்னையும் பார்க்கவில்லை, என் கடிதத்தையும் பார்க்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய், ஆயாம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

ஆயாம்மா தண்ணீர்ச் சத்தத்தில் கவனிக்கவில்லை. மூன்றாம் தடவை சவர்க்காரத்துக்குக் கை நீட்டினார்.

"கழுவுனது போதும் ஆயாம்மா" என்றாள் அவள். "எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு. புடிங்க."

ஆயாம்மா திரும்பி, நுரை வடிகிற கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையை அந்த ஈரக் கையிலேயே வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.